பத்து என்று மட்டும் சொல்லலாம்

போன கிழமை நிரோஷன் தொலைபேசியில் அழைத்தான். கனடாவின் ஸ்காபரோவில் நான் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த ஐஸ் அரங்கில், நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்தவன். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. ஒரு வசனத்தைத் தமிழில் தொடங்கினால் முடிக்கும்போது அது ஆங்கிலமாகிவிடும்.

“அங்கிள், நியூஸ் கேட்டீங்களா? டோர் திறக்கிற ஆள் இனி இல்லையாம். பிளேயர்ஸ் தாங்களே ஓப்பன் பண்ணிக்கொண்டு போவினமாம்.”

“எந்தக் கதவடா?”

“பெனல்ரி பொக்ஸ் கதவு. உங்கட கதவு.”

எனக்குச் சுருக்கென்றது. அவன் அதோடு விடவில்லை.

“நோ ஒஃபென்ஸ் அங்கிள், ஒரு டோர் திறக்கிறதுக்கு வை டூ தே நீட் எ பெர்சன்?”

அதைத் தொலைபேசியில் சொல்லி முடிக்க ஏலாது. அதனால் எழுதுகிறேன். நிரோஷனுக்குத் தமிழ் வாசிக்க வராது. பிக்கரிங்கில் இருக்கும் அவனுடைய தாய் வாசித்துக் காட்டட்டும். அவருக்கும் பின்னேரத்தில் ஒரு வேலை இருக்கும்.

ஐஸ் ஹொக்கி தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். எனக்கும் தெரியாது. இத்தனை வருடம் பார்த்தும் அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு, பக் என்பார்கள், எங்கே போகிறதென்று என் கண்ணில் பட்டதில்லை. சனம் எழும்பிக் கத்தினால் கோல் என்று எடுத்துக்கொள்வேன். தெரிந்திருக்க வேண்டியது இவ்வளவுதான். ஒவ்வொரு பக்கத்திலும் கோலைக் காக்கும் ஒரு கோலியும் ஐந்து பேரும் விளையாடுவார்கள். அதில் ஒருவன் மற்றவனை மட்டையால் இழுத்தாலோ, காலை இடறி விழுத்தினாலோ, நடுவர் விசில் ஊதி அவனை ஓரத்திலுள்ள கண்ணாடிப் பெட்டிக்குள் அனுப்புவார். இரண்டு நிமிடம் அங்கே குந்தியிருக்க வேண்டும். அதுவரை அவனுடைய அணிக்கு ஓர் ஆள் குறைவு. நேரம் முடிந்ததும் கதவு திறக்கும், அவன் அவிழ்த்துவிட்ட காளை மாதிரிப் பாய்வான். அவிழ்த்துவிடுகிறவன் நான்.

ஊரில் நான் கூட்டுறவுச் சங்கக் கடை மனேஜர். கனடாவுக்கு வந்து கோப்பை கழுவி, தொழிற்சாலையில் மட்டைப்பெட்டி மடித்து, கடைசியில் இந்த அரங்கில் கூட்டித் துடைக்கிற வேலையில் சேர்ந்தேன். இருபது இளந்தாரிகள் வேர்க்க வேர்க்க விளையாடிவிட்டுக் கழற்றி எறிந்த உடுப்பு மாற்றும் அறையைக் கழுவிப் பழகியவனுக்கு உலகத்தில் வேறெந்த நாற்றமும் ஒரு பொருட்டல்ல. ஒரு மாரிகாலத்தில் கதவுக்காரக் கிழவருக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை. அரங்கு மனேஜர் சுற்றிப் பார்த்தார். துடைப்பத்தில் சாய்ந்துகொண்டு நின்றவன் நான் ஒருவன்தான். நேர்முகத் தேர்வு அவ்வளவில் முடிந்தது.

“மனேஜரா இருந்த மனுசனுக்கு இப்ப கதவு திறக்கிற உத்தியோகமோ?” என்றாள் என் மனைவி புவனா.

“ஓமப்பா. ஆனா முன்வரிசை.”

என்னைப் பழக்கியவர் மார்ஜரி. நேரக் கணக்காளர். எழுபது வயது, முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் உப அதிபராக இருந்தவர், எங்கள் இளையோர் லீக்கில் யாருக்கும் பயப்படாத ஒரே ஆள். உள்ளூர் அணியின் பெட்டிக்கும் வந்த அணியின் பெட்டிக்கும் நடுவில் மேசை போட்டு அமர்ந்திருப்பார். முன்னால் மணிக்கூட்டின் பொத்தான்கள், ஒரு பென்சில், தக்காளி சூப் நிறைந்த ஒரு இரும்புப் பிளாஸ்க். குரலை உயர்த்தி நான் ஒருநாளும் கேட்டதில்லை. குரலை உயர்த்துவது நடுவர்களின் பலவீனம் என்பது அவருடைய அபிப்பிராயம்.

முதல் நாள் வெறும் அரங்கில் என்னைப் பெட்டிக்குள் நிற்கவைத்து ஒரு மணித்தியாலம் கதவு திறக்கப் பழக்கினார். சிரிக்க வேண்டாம், அதில் விசயம் இருக்கிறது. கதவு உள்பக்கமாகத்தான் திறக்கும். வெளியே திறந்தால் வேகமாக வருகிற யாருடையதோ மூக்கு கதவோடு போய்விடும். ஆகவே திறக்கிறவன் இடது பக்கம் ஒதுங்கி நின்று, வலது கையால் தாழ்ப்பாளை மேலே தூக்கி, வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு இழுக்க வேண்டும். என் வயிற்றைப் பார்த்து மார்ஜரி அந்தக் கடைசிப் பகுதியை இரண்டு தரம் சொன்னார். பத்து வினாடி இருக்கும்போது அவர் பென்சிலால் பலகையில் ஒரு தட்டுத் தட்டுவார். அப்போது கை தாழ்ப்பாளில் இருக்க வேண்டும். பூச்சியத்தில் இரண்டு தட்டு. அப்போது திறக்க வேண்டும். ஒரு வினாடி முந்தினால் எங்கள் அணிக்கு இன்னொரு தண்டனை, ஒரு வினாடி பிந்தினால் எங்களுக்கு எதிராக ஒரு கோல். எந்த நிமிடத்தில் எவனுக்கு விடுதலை என்று கதவு விளிம்பில் ஒட்டிய பட்டியில் தடித்த மாக்கரால் எழுதி வைப்பதும் என் வேலை. பக்குகளை ஐஸ் வாளிக்குள் குளிர வைத்து நடுவர் கேட்கும்போது கொடுப்பதும் என் வேலைதான்.

“உள்ளே வருகிறவர்களுடன் பேசக் கூடாது, மிஸ்டர் நாதன்,” என்றார். “அவர்கள் தண்டனை அனுபவிக்க வருகிறார்கள், சுகம் விசாரிக்க அல்ல. ஒரே ஒரு சொல் சொல்லலாம். பத்து வினாடி இருக்கும்போது ‘பத்து’ என்று சொல்லலாம். அவ்வளவுதான்.”

“போன் வைத்திருக்கலாமா?”

“கூடாது.”

அந்த இரண்டு விதிகளையும் பல வருடம் நான் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். பிறகு கைல் வந்தான்.

இரண்டாயிரத்து எட்டு இலையுதிர் காலத்தில் தொடங்கி ஒன்பது வசந்தத்தில் முடிந்த சீசன் அது. கைல் விட்பிப் பக்கத்துப் பெடியன். பத்தொன்பது வயது, ஆறடிக்கு மேல், முகமெல்லாம் செம்புள்ளி. கோல் அடிப்பதற்காக அவனை யாரும் எடுக்கவில்லை. எங்கள் கோல் அடிக்கிறவர்களை அடிக்கிறவர்களை அடிப்பதற்காக எடுத்திருந்தார்கள். ஆகவே அவனுடைய தொழில்முறை வாழ்க்கையில் பாதி என்னோடு கழிந்தது. அவன் பேசியதெல்லாம் ஆங்கிலம். கெட்ட வார்த்தைகளைக் கழித்துவிட்டால் பாதிதான் மிஞ்சும். மிஞ்சியதை நம்முடைய தமிழில் தருகிறேன். மரியாதையை எதிர்பார்க்க வேண்டாம்.

முதல் நாளே உதடு வெடித்து வந்து இரத்தத்தை என் ஐஸ் வாளிக்குள் துப்பினான்.

“டேய், அது பக் வைக்கிற வாளி!” என்று தமிழிலேயே கத்திவிட்டேன். பக்கத்தில் மார்ஜரியின் பென்சில் ஒருதரம் தட்டியது. அது பத்து வினாடிக்கான தட்டு அல்ல, எனக்கான தட்டு.

இன்னொரு வெள்ளிக்கிழமை என் குல்லாவுக்குக் கீழே திருநீற்றுப் பூச்சைக் கண்டுவிட்டான்.

“நெற்றியில என்ன, அடியோ?”

இல்லையென்று தலையாட்டினேன்.

“வெல்லுறதுக்குப் போடுறதோ?”

அதுக்கும் போடலாம் என்கிற மாதிரித் தோளைக் குலுக்கினேன். அது போதும் அவனுக்கு. மூடநம்பிக்கை விசயத்தில் நம்மவர்கள் பாவம், இந்தப் பெடியன்களிடம் பிச்சை வாங்க வேண்டும். இவன் ஒவ்வொரு இடைவேளையிலும் மட்டையின் கைப்பிடியில் சுற்றியிருக்கும் ரேப் என்கிற வெள்ளைத் துணி ஒட்டுநாடாவை உரித்தெறிந்துவிட்டுப் புதிதாக இரண்டு சாண் நீளத்துக்குச் சுற்றுவான். கையுடைந்தவனுக்குக் கட்டுப்போட்ட மாதிரி இருக்கும். பழைய ரேப்பில் பழைய பிழைகள் ஒட்டியிருக்குமாம். அடுத்த வெள்ளி தலைக்கவசத்தைத் தூக்கி நெற்றியை நீட்டினான். எனக்கும் குறும்பு. சட்டைப் பையிலிருந்த பொட்டலத்தை அவிழ்த்து மூன்று விரலால் தாராளமாக இழுத்துவிட்டேன். வெளியே போய் ஒரு நிமிடத்தில் வேர்வையோடு திருநீறு வழிந்து கண்ணுக்குள் இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டு போய் எதிரணிக்காரன் என்று நினைத்து நடுவரை இடித்துத் தள்ளினான். திரும்பவும் என்னிடம் வந்தான். “உன்ர கடவுள் யாற்ற பக்கம்?” என்று கேட்டான்.

அந்த மாரிகாலத்தில் அதே கேள்வியை நானும் வேறு காரணத்துக்காகக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் தங்கை வதனி கிளிநொச்சியில் இருந்தாள். புருசன் முந்தியே போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளைகள் இல்லை. தையல் மெசினோடு தனியாக இருந்தவள். தை மாதத்துக்குள் சண்டை முற்றி, சனமெல்லாம் கிழக்கே கிழக்கே என்று தள்ளப்பட்டு, கடைசியில் ஒரு கடற்கரைத் துண்டில் வந்து நெருங்கியது. வதனியும் அதற்குள்தான். சற்றலைற் போன் வைத்திருந்த சிலரிடம் வரிசையில் நின்று சனம் ஒன்றிரண்டு நிமிடம் வெளிநாட்டோடு பேசுவதாகக் கேள்விப்பட்டோம். அதற்குப் பிறகு ஸ்காபரோவில் எங்கள் வீடுகளில் யாரும் போனைக் கீழே வைக்கவில்லை. வீட்டு லைனில் யாரும் கதைக்கக் கூடாது என்று புவனா சட்டம் போட்டு அதன் பக்கத்திலேயே சோறு தின்றாள். வதனிக்கு மனப்பாடமாகத் தெரிந்த இலக்கம் என்னுடைய கைப்போன் இலக்கம். அதனால் புவனா என் கம்பளிக் குல்லாவுக்குள் காதுக்கு மேலே ஒரு பை தைத்து, போனை அதிர்வில் வைத்து, அதற்குள் செருகிவிட்டாள். நான் தலையில் போனோடு கதவு திறந்தேன்.

மார்ஜரியிடம் ஒளிக்க எனக்கு மனம் வரவில்லை. விசயத்தைச் சொன்னேன். அவர் என் குல்லாவை நெடுநேரம் பார்த்தார்.

“அது மிகவும் குளிர் தாங்கும் குல்லா போலிருக்கிறது,” என்று சொல்லிவிட்டுச் சூப்பை ஊற்றினார்.

கைலுக்கு என் முகத்தைப் பார்த்தே ஏதோ விளங்கிவிட்டது. ஒருநாள், “உனக்கு என்ன, ஆரும் செத்துப் போச்சினமோ?” என்று கேட்டான். அவனுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. நான் விதியை மறந்து மெதுவாகச் சொல்லத் தொடங்கினேன். எங்கள் நாடு, சண்டை, தங்கை என்று வருவதற்குள் பென்சில் தட்டியது.

“பத்து,” என்றேன். “இரண்டு நிமிசத்தில சொல்லக்கூடிய கதையில்லை அது.”

“பொறு, வாறன்,” என்றான்.

கதவு திறந்தது. போனான். பக் எங்கோ போய்க்கொண்டிருக்க, இவன் ஒரு அப்பாவியைத் தேடிப் பிடித்துக் காலை இடறி விழுத்தினான். மூன்று நிமிடத்துக்குள் திரும்ப வந்து குந்தி, “சரி, மிச்சத்தைச் சொல்லு,” என்றான். வெளியே கோச் தொப்பியைக் கழற்றி மிதித்துக்கொண்டிருந்தார். என்னுடைய சீவியத்தில் என் கதையைக் கேட்பதற்காக ஒருவன் சிறைக்கு வந்தது அன்றைக்குத்தான்.

அப்படி இரண்டிரண்டு நிமிடமாக முழுக் கதையும் அவனுக்குத் தெரிந்தது. பங்குனியில் சண்டையை நிறுத்தச் சொல்லி நாங்கள் டவுன்டவுனில் படங்களோடு வரிசையாகக் குளிரில் நின்றோம். அடுத்த ஆட்டத்தில் பெட்டிக்குள் வந்ததும், “உன்னை ரீவியில தேடினனான். எல்லாரும் உன்ர குல்லா மாதிரியே போட்டிருந்தவை,” என்றான். வதனியின் பெயரைச் சொல்லப் பழகியிருந்தான். ‘வாடனி’ என்பான். “வாடனி எடுத்தவவோ?” இதுதான் குந்தியதும் முதல் கேள்வி. இல்லையென்று நான் தலையாட்டுவேன். மட்டையால் கதவைக் குத்துவான்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டாம் சுற்றின் ஏழாவது ஆட்டம். வென்றால் அடுத்த சுற்று, தோற்றால் சீசன் முடிந்தது. கைலுக்கு அதைவிட மேலே ஒன்று இருந்தது. அடுத்த வருடம் இளையோர் லீக்கில் விளையாட வயது தாண்டிவிடும். அமெரிக்கக் கல்லூரி ஒன்றிலிருந்து ஒருவர் பார்க்க வந்து மேலே இருக்கிறார் என்று ஒரு கதை. அடுத்த சுற்றுக்குப் போனால் அவர் திரும்பவும் வருவார். போகாவிட்டால் கைலுக்குத் தகப்பனோடு சேர்ந்து வீடுகளுக்குச் சூடாக்கி பூட்டுகிற வேலை. அன்றைக்கு அவன் யாரையும் அடிக்கவில்லை, பிரார்த்தனை மாதிரி விளையாடினான். கடைசி இடைவேளையில் வழக்கம்போல மட்டைக்குப் புது ரேப் சுற்றிக்கொண்டு வந்தான்.

இரண்டுக்கு இரண்டு. முடிய நான்கு நிமிடமும் சொச்சமும் இருக்கும்போது எதிரணிக்காரன் ஒருவன் தனியே கோலியை நோக்கி ஓட, கைல் பின்னால் போய் மட்டையால் கொளுவி இழுத்தான். வேறு வழியில்லை, விட்டிருந்தால் கோல். விசில். பெட்டிக்குள் வந்து குந்தினான். நான் பட்டியில் நேரத்தை எழுதினேன். அன்றைக்கு அவன் வதனியைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

நாற்பது வினாடி இருக்கும்போது என் தலை அதிர்ந்தது.

குல்லாவைப் பிடுங்கினேன். இலக்கத்துக்குப் பதில் வெறும் கோடுகள். காதில் வைத்தேன்.

“கனடாவோ? நாதன் அண்ணையோ?” ஓர் ஆண் குரல். குரல் போய் முட்டித் திரும்பி வந்தது.

“ஓம், ஓம், நாதன்தான். ஆர் நீங்கள்?”

“கதைக்க நேரமில்லை அண்ணை, எழுதுங்கோ. முரசுமோட்டைக் கந்தையர் குடும்பம், நாலு பேரும் இருக்கினம். மோர்னிங்சைட்டில மகள் ரஜனிக்குச் சொல்லுங்கோ.”

மாக்கர் கையில் இருந்தது, எழுத ஒன்றுமில்லை. பட்டி நிறைந்து கிடந்தது. உள்ளங்கையில் எழுதினேன்; பக் வாளிக்குள் போட்டெடுத்த ஈரக் கை, மை வழிந்து ஓடியது. கையைச் சட்டையில் துடைத்தேன். அப்போது கைல் தன் மட்டையைத் திருப்பி, புதுசாகச் சுற்றிய வெள்ளைக் கைப்பிடியை என் மடியில் வைத்தான். வைத்து இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தான்.

எழுதினேன். கந்தையர், நாலு பேர், ரஜனி.

“பரந்தன் சின்னராசா மாஸ்டர். காலில காயம், ஆனா இருக்கிறார். மகன் கனடாவில இருக்கிறானாம்.”

எழுதினேன். பென்சில் ஒருதரம் தட்டியது. பத்து என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய வாயால், “உருத்திரபுரம் ஆர்? திருப்பிச் சொல்லுங்கோ!” என்று கத்திக்கொண்டிருந்தேன்.

“அன்னலட்சுமி. அவ இருக்கிறா. அவவின்ர பெடியன் இல்லை. தமயனுக்குச் சொல்லுங்கோ, பெடியன் இல்லை.”

பென்சில் இரண்டு தரம் தட்டியது. கேட்டது. இன்றைக்கும் கேட்கிறது. தாழ்ப்பாள் கைலின் முழங்கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவன் அதைப் பார்த்தான். பிறகு மட்டையைப் பார்த்தான். பிடித்த பிடியை விடவில்லை. வெளியே எங்கள் அணி நான்கு பேரோடு அல்லாடியது. கோச் அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார், சனம் முழுதும் பெட்டியைப் பார்த்துக் கத்தியது. மூன்றாம் தரம் பென்சில் தட்டும் என்று என் முதுகு எதிர்பார்த்தது. தட்டவில்லை.

ஏழாவது பெயரை எழுதி முடித்தேன். “தம்பி, வதனி?” என்று கத்தினேன். “என்ர தங்கச்சி வதனி?”

“அவதான் அண்ணை இந்த நம்பரைத் தந்தவ. அவ...”

லைன் அறுந்தது. நான் மாக்கரை எடுக்கவில்லை. ஏழு பெயருக்குக் கீழே அதை அப்படியே வைத்துக்கொண்டு, அடுத்த சொல்லுக்காகச் செத்த போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரமென்று தெரியாது. கைல் மட்டையை அசைக்கவில்லை. பிறகு சனம் போட்ட சத்தத்தில் கோல் என்று தெரிந்தது, எங்களுக்கு விழுந்த கோல்.

கதவைத் திறந்தேன். அவன் மட்டையை என் மடியில் விட்டுவிட்டு வெறுங்கையோடு போனான். மிச்சம் இரண்டு நிமிடத்துக்கும் கோச் அவனை இறக்கவில்லை. மூன்றுக்கு இரண்டு. அவனுடைய ஹொக்கி அதோடு முடிந்தது. என்னால் முடிந்தது. அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஆட்டம் முடிந்ததும் கோச் பெட்டிக்கு வந்தார். முகம் மார்ஜரியின் சூப் நிறத்தில் இருந்தது. கைலும் பின்னால் வந்தான்.

“ஏன் வெளியே வரேல்லை?” என்று கோச் அவனைப் பிடித்தார்.

“தாழ்ப்பாள் இறுகிப் போச்சு, கோச்,” என்றான் கைல், கண்ணை இமைக்காமல்.

நான் வாயைத் திறந்தேன். பென்சில் ஒருதரம் தட்டியது.

“மிஸ்டர் நாதன்,” என்றார் மார்ஜரி, “‘பத்து’ என்பதைத் தவிர வேறெதுவும் நீங்கள் இங்கே பேசக் கூடாது. அது விதி.” பிறகு கோச்சின் பக்கம் திரும்பினார். “தாழ்ப்பாள் இறுகியது. நான் பார்த்தேன். அப்படித்தான் அறிக்கையில் எழுதப் போகிறேன்.”

உப அதிபர் பார்த்தேன் என்று சொன்ன பிறகு யார் என்ன பேச முடியும். கோச் போய்விட்டார். மார்ஜரி அறிக்கையை அழகான கையெழுத்தில் எழுதிக் கையொப்பம் வைத்தார். பிறகு எழுந்து என் பெட்டிக்குள் வந்து, பிளாஸ்க்கை இரண்டு கையாலும் ஓங்கித் தாழ்ப்பாளில் ஒரு அடி போட்டார். தாழ்ப்பாள் வளைந்தது. மூடி தெறித்து என் சப்பாத்தெல்லாம் தக்காளி சூப்.

“பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை,” என்றார்.

அடுத்த நாள் உடைந்த தாழ்ப்பாளைத் திருத்தும்படி வேலைச் சீட்டு வந்தது. அரங்கில் திருத்த வேலை செய்கிறவன் யாரென்று நினைக்கிறீர்கள்? பத்து நிமிட வேலை அது. நான் மூன்று நாள் எடுத்தேன்.

ஆட்டம் நடந்த அன்று பின்னேரமே புவனாவும் நானும் ஏழு வீடுகளைத் தேடிப் புறப்பட்டோம். மோர்னிங்சைட்டில் எத்தனை ரஜனி என்று யாருக்குத் தெரியும்? தமிழ்ப் பலசரக்குக் கடைக்குள் ஹொக்கி மட்டையோடு நான் நுழைந்ததும் காசாளர்ப் பிள்ளை பயந்து பின்வாங்கினாள். ஒரு ஐயா முருங்கைக்காயை ஆயுதமாகத் தூக்கினார். நான் மட்டையை நீட்டிப் பெயர்களை வாசித்தேன். கடை அடங்கிவிட்டது. அரிசி மூட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெண், “ரஜனி என்ர மச்சாள்,” என்று சொல்லி அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஆறு வீட்டுக்குச் சொல்லியாகிவிட்டது. அன்னலட்சுமியின் தமயன் வீட்டு வாசலில் மட்டும் காருக்குள் கனநேரம் இருந்தோம். பெடியன் இல்லை என்று சொல்வதற்கு நான் எந்தப் பயிற்சியும் எடுத்ததில்லை. புவனாதான் இறங்கிப் போனாள்.

அடுத்த மாதம் சண்டை முடிந்தது என்றார்கள். ஆடியில் செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து ஒரு அழைப்பு. அதே குரல். ஒரு பள்ளிக்கூட வாத்தியார்.

“அண்ணை, உங்கட தங்கச்சி அண்டைக்கு என்ர முதுகுக்குப் பின்னாலதான் வரிசையில நிண்டவ. ‘நீங்கள் மற்றாக்களின்ர பேரைச் சொல்லுங்கோ, என்ரயை நானே அண்ணையோட கதைக்கிறன்’ எண்டவ. அதுக்குள்ள பற்றரி முடிஞ்சுது.”

அவள் பக்கத்தில் நின்றிருக்கிறாள். நான் “வதனி” என்று கத்தியது அவள் காதில் விழுந்திருக்கும். இரண்டு நாளைக்குப் பிறகு அந்த இடத்திலிருந்தும் சனம் ஓடியதாம். அதற்குப் பிறகு வாத்தியார் அவளைக் காணவில்லை. முகாம்களில் தேடினோம், பட்டியல்களில் தேடினோம், படிவங்கள் நிரப்பினோம். ஒருவரும் காணவில்லை. இன்றுவரை இல்லை. எனக்கு அதில் இன்னும் கோபம் அடங்கவில்லை, யார் மீதென்று கேட்டால் ஒரு நீளமான பட்டியல் தருவேன்.

மார்ஜரி காலமாகிவிட்டார். அவருடைய செத்த வீட்டில் பென்சிலைச் சவப்பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பாதிரியார் கூடுதலாகப் பேசியபோது ஒரு தட்டுக் கேட்கும் என்று நான் கடைசிவரை எதிர்பார்த்தேன்.

போன வருடம் எனக்குப் பிரியாவிடை. அரங்கின் சிற்றுண்டிச்சாலையில் கேக், சமோசா, வழக்கமான பொய்கள். நிரோஷன் எங்கோ தேடிக் கைலையும் கூப்பிட்டிருந்தான். அவனுக்கு முப்பது வயது தாண்டித் தொப்பை வைத்திருந்தது. தகப்பனின் சூடாக்கிக் கொம்பனியை இப்போது அவன்தான் நடத்துகிறான், இரண்டு பெண் பிள்ளைகள். என் வயிற்றில் தட்டி, “இப்ப கதவு திறக்கேலாது உனக்கு,” என்றான். “உனக்குக் கதவுக்குள்ள போகேலாது,” என்றேன்.

புவனா சாமியறையிலிருந்து மட்டையை எடுத்து வந்திருந்தாள். ரேப் பழுப்பேறிவிட்டது, எழுத்து அப்படியே இருக்கிறது. கைல் அதைக் கையில் வாங்கி மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தான். தமிழ் எழுத்து, அவனுக்கு ஒன்றும் விளங்காது. ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஏழு வரியில் ஐந்து வரிக்காரர் தப்பி வந்ததைச் சொன்னேன். ரஜனியின் தகப்பன் இப்போது மோர்னிங்சைட்டில் எனக்குப் பின்வளவுக்காரர் என்றும், ஸ்னோ தள்ளாமல் என்னோடு சண்டை பிடிக்கிறார் என்றும் சொன்னேன். சிரித்தான்.

இத்தனை வருடமும் கேட்க நினைத்ததை அப்போதுதான் கேட்டேன்.

“கைல், லைன் அறுந்த பிறகும் ஏன் இருந்தனி? நான் எழுதி முடிச்சிட்டன். அப்ப போயிருந்தாலும் அந்தக் கோலை மறிச்சிருப்பாய்.”

“நீ முடிக்கேல்லை,” என்றான். “மாக்கரை ரேப்பில இருந்து எடுக்கேல்லை.”

மட்டையைத் திருப்பினான். ஏழாவது பெயருக்குக் கீழே, மாக்கர் ஊன்றி நின்ற இடத்தில், மை ஊறிப் பரவி ஒரு கறுப்பு வட்டம். அதன்மேல் விரலை வைத்தான்.

“ஏழு பேர் எண்டு சொன்னாய். இந்த எட்டாவது ஆர்?”

“வதனி,” என்றேன்.

அவன் அந்த மட்டையை அன்றைக்குப் பிடித்த மாதிரியே இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.